தோரணமா? தோட்டமா?

மாரண்டஹள்ளியிலிருந்து இரண்டு விளைபொருள்கள் நாள்தோறும் வெளியூர் செல்கின்றன. ஒன்று தக்காளி, மற்றொன்று இளைஞன்!

சேலத்திலிருந்து தருமபுரி, பாலக்கோடு, ஓசூர் வழியாகப் பெங்களூர் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையிலே அமைந்த பேரூராட்சி அது. பெயரின் பிற்பாதியிலே கன்னடம் ஒலிக்கும். கடைவீதியிலே தமிழோடு தெலுங்கும் தோள் உரசி நடக்கும். பாலக்கோடு வட்டாரத்துத் தக்காளிக்குத் தனிப் பெருமை உண்டு. கூடை கூடையாக அது சரக்கு வண்டி ஏறும். அதே வேளையிலே, தோளிலே ஒரு பையை மாட்டிக்கொண்டு இளைஞன் புகைவண்டி ஏறுவான். தக்காளிக்கு விலை வைப்பவன் எங்கோ இருக்கிறான். இளைஞனுக்கு விலை வைப்பவனும் எங்கோ இருக்கிறான்.

2023ஆம் ஆண்டு சூலைத் திங்களிலே தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிற்று. நாடே தக்காளியைப் பற்றிப் பேசிற்று. சில வாரங்களிலே விலை சரிந்தது. பறிகூலிக்கும் கட்டாத காயைக் கொடியிலேயே விட்டான் உழவன். அப்போது பேசுவாரில்லை. இளைஞன் கதையும் அஃதே. படித்தவனாயின் பெங்களூரின் மென்பொருள் நிறுவன வாயிலிலே நிற்கிறான். படிப்பு முற்றுப் பெறாதவனாயின், கட்டட வேலைக்கு நிற்கிறான், அல்லது எவரோ உண்ணப்போகும் உணவை முதுகிலே சுமந்து இருசக்கர வண்டியிலே பறக்கிறான். 'புத்தொழில்' என்கிறார்களே, அதனோடு அவனுக்குள்ள உறவெல்லாம், அந்தச் சுமைப்பையின் மீது அச்சிட்டிருக்கும் பெயர் ஒன்றுதான்!

தோழர்களே! இந்த நிலை மாற வேண்டும் என்கிறோம். "சென்னையிலே உள்ளது, கோவையிலே உள்ளது, எங்கள் ஊரிலே ஏன் இல்லை?" என்று கேட்கிறோம். கேட்பது நியாயம். ஆனால், என்ன கேட்கிறோம் என்பதைத் தெரிந்து கேட்க வேண்டாமா?

புத்தொழில் என்பது புதிதாகத் திறந்த கடை அன்று. இதுவரை சரியான விடை காணப்படாத ஒரு சிக்கலுக்கு, அறிவியலின் துணைகொண்டு விடை கண்டு, அந்த விடை பல்லாயிரவர் கைக்கும் எட்டும்படி விரைந்து வளர முனையும் தொழில் அது. பத்திலே பல முறியும், ஒன்றிரண்டு ஓங்கும். ஒரு நகரிலே அத்தகைய நிறுவனம் ஒன்று தோன்றுவது தற்செயலாக இருக்கலாம். ஒன்றன் பின் ஒன்றாக நூறு தோன்றுமாயின், அந்த மண்ணிலே ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள். அந்த ஏதோ ஒன்று எது? கட்டடமா, காசா, கல்வியா, கூட்டமா?

நான் நாடகம் எழுதுபவன். எனக்குத் தெரிந்த வழியிலே கூறுகிறேன். பெரிய கொட்டகை ஒன்றைக் கட்டி, பட்டுத் திரையும் பளபளக்கும் விளக்கும் அமைத்துவிட்டால், நாடகம் நடந்துவிடுமா? நடிகன் வேண்டும், நடிகனுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார் வேண்டும், ஒப்பனை தெரிந்தவன், ஓலம் தெரிந்தவன், பக்கவாட்டிலே நின்று அடியெடுத்துக் கொடுப்பவன் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று ஆடியது நன்றாயில்லை என்றாலும் நாளை வந்து பார்க்க மனமுள்ள ஊர் வேண்டும். இவையெல்லாம் இருந்தால் ஆலமரத்தடியிலும் கூத்து நடக்கும். இவை இல்லையேல், கொட்டகையிலே வௌவால் குடியேறும்.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது.

இன்று உலகமெல்லாம் 'சிலிக்கான் பள்ளத்தாக்கு' என்று வியந்து கூறும் கலிபோர்னியப் பகுதி, நூறாண்டுக்கு முன்பு எப்படி இருந்தது? பழத்தோட்டம்! ஆப்ரிகாட் பழமும் பிளம் பழமும் விளைந்து குவிந்த மண். நம் பாலக்கோட்டுக்குத் தக்காளி எப்படியோ, கிருட்டிணகிரிக்கு மாம்பழம் எப்படியோ, அப்படி. அந்தத் தோட்டத்தின் நடுவே ஒரு பல்கலைக்கழகம். அங்கே டெர்மன் என்றொரு பேராசிரியர். "படித்து முடித்ததும் கிழக்கே போய் வேலை தேடாதீர், இங்கேயே தொழில் தொடங்குங்கள்" என்று மாணவரை ஊக்கினார். ஹியூலெட், பேக்கர்டு எனும் மாணவர் இருவர் 1939இல் ஒரு வண்டிக் கொட்டகையிலே தொடங்கினர். 1951இல் பல்கலைக்கழகம் தன் நிலத்திலேயே தொழிற்பூங்கா அமைத்தது.

1956இல், டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவருள் ஒருவரான ஷாக்லி அந்த வட்டாரத்திலே ஆய்வுக்கூடம் தொடங்கினார். மேதை அவர்; ஆனால் உடன் உழைப்பவரை நம்பாத மேதை. மனம் நொந்து, 1957இல் எண்மர் வெளியேறினர். ஃபேர்சைல்டு எனும் நிறுவனம் கண்டனர். 'துரோகிகள் எண்மர்' என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. பிரிந்து போனவனைத் துரோகி என்று அழைப்பது அரசியலிலே மட்டும் உள்ள வழக்கம் அன்று, பார்த்தீர்களா! அந்த எண்மரிலே இருவர் 1968இல் அங்கிருந்தும் பிரிந்து, இன்டெல் நிறுவனத்தை எழுப்பினர். ஃபேர்சைல்டிலிருந்து கிளைத்த நிறுவனங்கள் பல. கலிபோர்னியச் சட்டம், 1872 முதலே, "என்னைவிட்டுப் போனால் இதே தொழிலைச் செய்யாதே" என்று முதலாளி பணியாளரைக் கட்டிப்போடும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கியிருந்தது. கதவு திறந்திருந்தது, காற்று உலவிற்று.

கிழக்கே பாஸ்டன் நகரமும் அதே காலத்திலே மின்னணுத் தொழிலில் மேலோங்கி நின்றது. உயர்ந்த பல்கலைக்கழகங்கள் அங்கும் உண்டு; பணம் அங்கே மிகுதி. ஆனால் அங்கே நிறுவனங்கள் கோட்டைகளாக இருந்தன. உள்ளே கற்றது வெளியே கசியாது. 1980களுக்குப் பின், பழத்தோட்டம் முந்திற்று, கோட்டை பிந்திற்று.

"அரசுக்கு இதிலே பங்கில்லையோ?" என்று கேட்பீர். உண்டு, நிரம்ப உண்டு. 1960களிலே அந்த வட்டாரத்துச் சில்லுகளை வாங்கிய முதற்பெரும் வாடிக்கையாளர் எவர்? ஏவுகணைக்கும் நிலவுப் பயணத்துக்கும் பொருள் தேடிய அமெரிக்க அரசு! சந்தை தானாக எல்லாம் செய்துவிடும், அரசு ஒதுங்கி நிற்கட்டும் என்று உபதேசிக்கும் உத்தமர்கள், இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் விட்டுவிடுவர்.

"அஃது அமெரிக்கா, அந்தக் கதை ஏன்?" என்போருக்கு, அருகிலேயே காட்டுவேன்.

கோவையைப் பாருங்கள். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. எந்திரம் பழுதுற்றால் வெள்ளைக்காரன் நாட்டுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க முடியுமா? பட்டறைகள் எழுந்தன. பட்டறையிலே பழுது பார்த்தவன், பார்த்துப் பார்த்து, தானே வார்த்தான், தானே கடைந்தான். பள்ளிப்படிப்பைத் தொடராத ஜி.டி. நாயுடு, 1937இல் இந்தியாவிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார். மோட்டாரோடு பம்பு பிறந்தது. பம்பு உழவனின் கிணற்றிலே இறங்கிற்று. 1926இல் தோன்றிய பி.எஸ்.ஜி. அறநிலையம் தொழிற்கல்வி தந்தது. 1951இல் பொறியியற் கல்லூரி கண்டது. பின்னாளிலே மாவாட்டும் எந்திரமும் அந்த ஊரின் பெயரைத் தாங்கிப் புவிசார் குறியீடு பெற்றது. 'புத்தொழில்' என்ற சொல் பிறக்குமுன்பே புத்தொழில் நகரம் பிறந்துவிட்டது!

சிவகாசியைப் பாருங்கள். மழை பொய்த்த கரிசல். அய்ய நாடார், சண்முக நாடார் எனும் இருவர் 1922இல் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். கற்றவன் திரும்பி வந்தான். ஊர் திரண்டு எழுந்தது. தீக்குச்சியிலிருந்து பட்டாசு, பட்டாசு உறையிலிருந்து அச்சுத்தொழில் என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது.

சென்னைக்கு வருவோம். 1997இல் தகவல் தொழில்நுட்பக் கொள்கை வகுத்தது தமிழ்நாடு. 2000ஆம் ஆண்டு சூலையில், கலைஞர் ஆட்சியிலே, தரமணியில் டைடல் பூங்கா எழுந்தது. அதனைக் கட்டடம் என்று மட்டும் காண்பவர் பாதியைக் காண்பவர். அதற்கு முன்பே கிண்டிப் பொறியியற் கல்லூரி இருந்தது. 1950களிலே காமராசர் காலத்துப் பள்ளிகள் இருந்தன. 1958இல் எழுந்த கிண்டித் தொழிற்பேட்டை இருந்தது. இட ஒதுக்கீடு எனும் ஏணி இருந்தது. நான்கு தலைமுறை எழுப்பிய அடித்தளத்தின் மீதுதான் அந்தக் கண்ணாடி மாளிகை நின்றது.

1996இல் சென்னையை ஒட்டித் தொடங்கிய ஒரு சிறு நிறுவனம், இன்று சோகோ என்று உலகறியும் பெயர். அதனை நடத்துவோரின் அரசியல் நமக்கு உடன்பாடா என்பது வேறு வழக்கு. அவர்கள் செய்த ஒரு செயலை மறைப்பது நேர்மையன்று. பட்டம் கேட்காமல், பள்ளி முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை தந்து, தொழில் கற்பித்தனர். 2011இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலே அலுவலகம் திறந்தனர். சிற்றூரிலிருந்தும் உலகுக்கு மென்பொருள் செய்யலாம் என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். பட்டம் இல்லாதவனுக்கும் அறிவு உண்டு என்று ஒரு தொழிற்சாலை ஒப்புக்கொள்வதன் அருமை எனக்குத் தெரியும்.

அந்த நிறுவனத்திலே பணியாற்றி வெளியேறிய திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம், 2010இல் பிரெஷ்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2021 செப்டம்பரில் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிலே இடம் பெற்றது. பணியாளருக்கும் பங்கு தரப்பட்டிருந்ததால், ஐந்நூறுக்கு மேற்பட்டோர் கோடீசுவரராயினர் என்று அறிவிக்கப்பட்டது. இரு நிறுவனங்களுக்குமிடையே வழக்கும் நடந்தது. ஆனால் அந்தப் பிரிவினால் சென்னை இழந்தது ஒன்றுமில்லை. ஒன்று இருந்த இடத்திலே இரண்டு ஆயின. கலிபோர்னியாவின் எண்மர் கதை, கூவம் ஆற்றங்கரையிலும் அரங்கேறிற்று!

இவ்வளவையும் அடுக்கிப் பார்க்கையில் சில உண்மைகள் துலங்கும். கற்பிப்பவன் அருகில் இருக்க வேண்டும். கற்றவன் திரும்பி வர வேண்டும். பிரிந்து போகிறவனைத் தண்டிக்காத சட்டமும் மனமும் வேண்டும். முதல் பொருளை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். அரசே அவராக இருக்கலாம். தொழில் செய்பவனே தொழிலாளர் கூட்டத்துக்குத் தலைவனாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலே போல்டர் என்றொரு நகர். மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம்தான். அங்கே தொழில் வளர்த்த பிராட் ஃபெல்டு என்பார், 2012இல் எழுதிய நூலிலே இதைத்தான் வற்புறுத்தினார்: தொழில் முனைவோர் வழிநடத்த, அரசும் பல்கலைக்கழகமும் ஊட்டம் தர, எவர் வரினும் கதவு திறந்திருக்க, இருபதாண்டுக் கணக்கிலே எண்ணிச் செயல்படுக என்றார்.

இருபதாண்டு! ஐந்தாண்டுக்கொரு தேர்தல் காணும் நமக்கு இது கசக்கும். அதனால்தான் தோரணத்திலே நமக்கு விருப்பம் அதிகம். தோட்டத்திலே பொறுமை குறைவு. தோரணம் காலையிலே கட்டினால் மாலையிலே வாடும். ஆனால் படம் நன்றாக வரும். தோட்டம் மூன்றாண்டு காய்க்காது. அதன்பின் முப்பதாண்டு காய்க்கும்.

இடையிலே ஒரு குரல் கேட்கிறது: "அரிசி தருகிறீர், காலைச் சிற்றுண்டி தருகிறீர், இலவசம் இலவசம் என்று தந்து மக்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டு, தொழில் முனைவோரை எங்கே தேடுகிறீர்?" என்கிறது அக்குரல். வயிறு நிறைந்தவரின் குரல் அது. அவரைக் கேட்கிறேன்: புத்தொழிலிலே பத்துக்குப் பல முறியும் என்றீரே, முறிந்தால் எவன் தாங்குவான்? அப்பன் தேடிய சொத்துள்ளவன் மூன்று முறை விழலாம். நான்காம் முறை எழலாம். அன்றாடக் கூலியின் மகன் ஒரு முறை விழுந்தால், தங்கையின் படிப்பு நிற்கும். தாயின் மருந்து நிற்கும். துணிவு என்பது பிறவிக் குணம் அன்று. பின்னால் ஒரு சுவர் இருக்கிறது என்ற நம்பிக்கை. நியாய விலைக் கடை, அரசு மருத்துவமனை, 2022 செப்டம்பரிலே பள்ளிகளில் தொடங்கிய காலைச் சிற்றுண்டி, முதல் தலைமுறைப் பட்டதாரியின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் ஆகியவையே ஏழைக்கு அந்தச் சுவர். சமூக நீதி தொழில் வளர்ச்சிக்குத் தடை அன்று, விதை நெல்!

பட்டியலின, பழங்குடி இளைஞரின் நிறுவனங்களிலே அரசே பங்கு முதலீடு செய்யும் நிதியம் 2022-23இல் தொடங்கப்பெற்றதும், தொடக்க நிலை நிறுவனத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் திட்டம் வந்ததும், மதுரை, ஈரோடு, நெல்லை என்று சென்னைக்கு வெளியே வட்டார மையங்கள் அமைந்ததும், 2024இல் விழுப்புரத்திலும் தஞ்சையிலும் சேலத்திலும் சிறிய டைடல் பூங்காக்கள் திறக்கப்பெற்றதும் இந்த நோக்கத்தால்தான். நல்ல தொடக்கம். ஆனால் கொட்டகை எழுந்தது என்பதற்காகக் கூத்து முடிந்ததாகக் கைதட்டிவிட்டு வீடு திரும்பலாகாது.

இனி, மாரண்டஹள்ளிக்கு என்ன?

அந்த ஊருக்கு டைடல் பூங்கா வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். அது அமைந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். வடக்கே ஓசூர். 1970களிலே சிப்காட் அமைத்த தொழில் நகர். 1984இல் அரசின் டிட்கோவும் டாட்டாவும் கைகோத்துக் கண்ட டைட்டன் கடிகாரம் உருவான ஊர். அதற்கு அப்பால் பெங்களூர். 1909இல் அறிவியல் கழகம், 1940இல் விமானத் தொழிற்சாலை, 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று ஊன்றிய வேர்கள்தாம் அங்கே இன்று கிளைபரப்பியுள்ளன. ஏத்தர் எனும் மின் ஸ்கூட்டர் நிறுவனத்தின் கதையை அறிவீர்களா? 2013இல் அதற்கு வித்திட்டது சென்னை ஐ.ஐ.டி.; தலைமையகம் குடிபுகுந்தது பெங்களூர்; தொழிற்சாலை அமைந்தது ஓசூர். கரு இங்கே, கை இங்கே, தலை மட்டும் அங்கே! தலையையும் இங்கே தக்கவைப்பது எப்படி என்பதே தமிழ்நாட்டின் முன் நிற்கும் கேள்வி.

அந்த இருப்புப் பாதையிலே போகிற இளைஞன் அறிவோடு திரும்பும் பாதை அமைய வேண்டும். திரும்புகிறவனுக்கு ஊரிலே சிக்கல் காத்திருக்கிறது. சிக்கல்தானே புத்தொழிலின் மூலப்பொருள்! தக்காளி விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? எத்தனை ஏக்கரிலே நடவு நடந்தது என்று நடும்போதே உழவன் அறிய முடியாதா? பறித்த காயை நான்கு நாள் வாடாமல் காக்க, சிற்றூரால் தாங்கக்கூடிய சிறு குளிர்கூடம் செய்ய முடியாதா? தருமபுரியின் பட்டுக்கூட்டை, கண்மதிப்பாக அன்றிக் கருவி கொண்டு தரம் பிரிக்க முடியாதா? புளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. கிணற்று நீரை வீட்டிலேயே நொடியிலே சோதிக்கும் மலிவான கருவி ஒன்றைச் செய்ய, இந்த நீரைக் குடித்து வளர்ந்தவனைவிடத் தகுதியுடையவன் எவன்? இவற்றுக்கு விடை காண்பவன், ஆந்திரத்து மதனப்பள்ளிக்கும், கருநாடகத்துக் கோலாருக்கும், ஆப்பிரிக்க நாட்டுக்கும் அதே விடையை விற்கலாம்.

இந்த மண்ணுக்கு இது புதுப் பழக்கமும் அன்று. தகடூர் அதியமானின் முன்னோர், கரும்பு எனும் புதுப் பயிரை இந்நாட்டுக்குக் கொணர்ந்தனர் என்று அவ்வையார் புறநானூற்றிலே புகழ்கிறார். வெளியிலிருந்து ஒன்றைக் கற்று, கொணர்ந்து, ஊன்றி, ஊருக்கே உடைமையாக்கியது தகடூர்! பல நூற்றாண்டுக்குப் பின், அதே மண்ணிலே, பாலக்கோட்டில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் எழுந்தது.

ஆனால் ஒன்றை மறைத்துப் பேசுவது பாவம். 2012 நவம்பரிலே, இதே மாவட்டத்திலே, நாயக்கன்கொட்டாயை அடுத்த மூன்று குடியிருப்புகளிலே தாழ்த்தப்பட்டோர் வீடுகள் எரிந்தன. காரணம், இருவர் காதலித்து மணந்தது! புத்தொழில் நகரம் என்பது, முன்பின் அறியாத இருவர் ஒரே மேசையிலே அமர்ந்து ஒருவர் எண்ணத்தை மற்றவர் நம்பும் இடம். ஒரே தேநீர்க் கோப்பையை நம்பாதவன், ஒரே நிறுவனத்தை எப்படி நம்புவான்? சாதியைக் காக்கும் ஊர், எத்தனை மாளிகை எழுப்பினாலும், அறிவைக் காக்காது. 2011 கணக்கெடுப்பிலே தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. நூற்றுக்கு 68 பேரே எழுதப் படிக்கத் தெரிந்தவர். பெண்ணைப் படிக்கவிடாத வீடும், சேரியை ஒதுக்கும் தெருவும், ஊரின் அறிவிலே பாதியைப் பூட்டி வைக்கின்றன. அந்தப் பூட்டை உடைக்க எந்த முதலீட்டாளரும் வரமாட்டார். அஃது உமது வேலை, எனது வேலை, நம் இயக்கத்தின் வேலை!

ஆகவே, தோழர்களே, மாரண்டஹள்ளியிலே நாம் செய்யத்தக்கவை இவை.

நம் இயக்கம் வளர்ந்தது எங்கே? மாளிகையிலா? தேநீர்க் கடையிலே, முடிதிருத்தும் நிலையத்திலே, கீற்றுக் கொட்டகைப் படிப்பகத்திலே! ஒருவர் ஏடு படிக்க, பத்துப்பேர் கேட்டனர். கேட்டவரிலே ஒருவர் மறுநாள் பேசினார். பேசியவரிலே ஒருவர் எழுதினார். கூட்டம் கூட்டி அறிவு வளர்க்கும் கலை நமக்குப் புதிதன்று. அந்தப் படிப்பகத்தை மீண்டும் திறவுங்கள். இரண்டு கணினியும் இணைய இணைப்பும் வையுங்கள். வாரந்தோறும், குறித்த நாளிலே, குறித்த வேளையிலே, மூவர் வந்தாலும் கூட்டம் நடக்கட்டும். ஓசூரிலும் பெங்களூரிலும் பணியாற்றும் நம் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வருகையிலே, திருவிழாவுக்கு நன்கொடை கேட்பதற்குப் பதில், இரண்டு மணி நேரம் கேளுங்கள். தாம் கற்றதைச் சொல்லட்டும். உழவனை அழைத்து எதிரே உட்கார வையுங்கள். அவன் சிக்கலைச் சொல்லட்டும். பெண்கள் அச்சமின்றி வந்து திரும்பும் வேளையாகப் பார்த்து நடத்துங்கள். வங்கியிலே விண்ணப்பம் நிரப்பவும், மானியத் திட்டத்தின் விவரம் எடுத்துரைக்கவும் படித்த தோழர் ஒருவர் பொறுப்பேற்கட்டும்.

இன்னொன்று. இது கசப்பு மருந்து. ஆயினும் சொல்லியாக வேண்டும். அந்தக் கூட்டத்திலே நாம் மேடையில் அமரலாகாது. பொன்னாடை வேண்டா, வரவேற்புப் பலகை வேண்டா, பெயர் போடவில்லை என்ற கோபம் வேண்டா. "நம் ஆள்" என்பதற்காக ஒருவனுக்கு மானியம் பரிந்துரைத்து, தகுதியுள்ள மற்றவனைத் தடுக்க வேண்டா. கொடி எது என்று கேட்டுக் கதவு திறக்க வேண்டா. நாற்காலி எடுத்துப்போடுவோம், விளக்கேற்றுவோம், தேநீர் கொண்டுவருவோம், வாயிற்புறத்திலே நின்று, எவரையும் சாதி கேட்டுத் தடுக்காதபடி காவல் காப்போம். முனைபவன் முன்னே நிற்கட்டும். நாம் பின்னே நிற்போம். தோற்றவன் திரும்பி வந்தால், எள்ளி நகையாடாமல், அடுத்த முயற்சிக்கு அமரும் இடம் காட்டுவோம்.

இதனால் அடுத்த தேர்தலிலே எத்தனை வாக்கு என்று கணக்கிட்டால், விடை சிறிதாகத்தான் வரும். அடுத்த தலைமுறையிலே எத்தனை பேர் புகைவண்டியேறாமல் நின்றனர், ஏறியவரிலே எத்தனை பேர் தொழிலோடு திரும்பினர் என்று கணக்கிடுங்கள். அந்தக் கணக்கைக் காட்டும் உரிமைக்காகத்தானே பெரியார் பாடுபட்டார். அண்ணா ஊர் ஊராக நடந்தார்!

தக்காளிக்கு உழவன் விலை சொல்லும் நாளும், தன் அறிவுக்கு இளைஞன் தானே விலை சொல்லும் நாளும் ஒருசேர விடியட்டும். அதற்கான நாற்றை இந்த வாரமே நடுங்கள். தோரணம் கட்டப் பலர் இருக்கிறார்கள். தோட்டத்துக்கு நீர் சுமக்க நாம் போவோம்!